ரிமோட் பாடு

ரிமோட்டைக் காற்றுக்கு மேல்பக்கம் நின்றுதான் அமுக்க வேண்டும் என்பது எங்கள் குப்பத்தின் சட்டம். வாடை வீசும் மாதங்களில் வடக்குத் தூணருகே. கொண்டல் எழுந்தால் கிழக்குத் தூணருகே, கடலுக்கு முதுகு காட்டி. எதிர்காற்றில் அமுக்கினால் அது டிவிக்குப் போய்ச் சேராது, பாதி வழியில் மணலில் விழுந்துவிடும். வலை வீசுகிற வீடுகளில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. நான் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் ஒன்றில் மட்டும் தேறியவள். ரிமோட்டிலிருந்து கிளம்புவது ஒருவகை வெளிச்சம், அதைக் காற்று ஒன்றும் செய்யாது என்று ஊராரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"வெளிச்சமா? வெளிச்சம்னா கண்ணுக்குத் தெரியணுமே. எங்க, காட்டு?"

காட்ட முடியவில்லை. நானும் காற்றுக்கு மேல்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

லைட்ஹவுஸ் குப்பத்துக்கு அடுத்தாற்போல் இருக்கிறது எங்கள் குப்பம். கிழக்கே கடல், மேற்கே பழவேற்காடு ஏரி, இரண்டும் ஆளுக்கொரு பக்கம் நக்கிக்கொண்டிருக்கிற மணல் துண்டின் மேல் இருபத்தெட்டு வீடுகள். எண்பதுகளின் நடுவில் அந்தக் கலர் டிவி வந்தபோது எங்களுக்குக் கரண்டு வந்தே இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. பல்புகள் பழுத்த எலுமிச்சம்பழம் மாதிரித் தொங்கும், அவ்வளவுதான். டிவியைக் கொடுத்தவர் பழவேற்காடு பஜாரில் இறால் வாங்கும் பாய். அவர் மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பெட்டி அது. பெருநாளைக்குப் புதுசு வந்துவிட, பழசைப் படகில் ஏற்றி எங்களுக்கு அனுப்பினார். இறால் வேறு ஆளிடம் போய்விடாமல் இருக்கத்தான் என்று நைனா சொன்னார். இருக்கட்டும். கலர் கலர்தானே.

பிரசவத்துக்குப் போகிறவளைப் போல அது படகின் நடுவில் மெத்தை போர்த்தி உட்கார்ந்து வந்தது. இரண்டு பக்கமும் இரண்டு ஆட்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். பாய் கூடவே வந்திருந்தார். பெட்டியை இறக்கியபின் சட்டைப் பையிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்து இரண்டு விரலால் நீட்டினார்.

"இதான் ரிமோட்டு. இத்த அமுக்குனா அது கேக்கும். தண்ணி படாம பாத்துக்குங்க."

தண்ணீர் படாமல்! எங்களிடம்!

டிவியை வைக்க ஏலக் கொட்டகைதான் இடம். காலையில் மீன் ஏலம், சாயங்காலம் டிவி. மூன்று பக்கமும் திறந்த கொட்டகை என்பதால் உப்புக்காற்றுக்கு ஒரு மரப்பெட்டி செய்யச் சொன்னார்கள். செய்தவர் படகு கட்டும் ஆசாரி. வாழ்நாளில் படகைத் தவிர எதையும் செய்யாத கை. பெட்டியின் முன்பக்கம் கொஞ்சம் வளைந்து கூர்ந்துகொண்டு வந்தது. சந்துகளையெல்லாம் பஞ்சு திணித்துத் தார் பூசி அடைத்தார். கண்ணாடியும் ரிமோட் பேச்சைக் கேட்கிற சின்னக் கண்ணும் தெரிய ஒரு சதுரம் விட்டார், பின்னால் சூடு போக ஒரு சந்து விட்டார், மீதியைப் படகு ஆணி அடித்து முடித்துவிட்டார். ஏரியில் தள்ளிவிட்டிருந்தால் டிவி பாடிக்கொண்டே சென்னைக்கு மிதந்து போயிருக்கும். ஆனால் டிவியின் சொந்தப் பித்தான்கள் எல்லாம் அந்தப் பலகைக்குப் பின்னால் சமாதியாகிவிட்டன. அன்றிலிருந்து அந்த டிவி ரிமோட்டின் சொல்லை மட்டும்தான் கேட்கும். ரிமோட் யார் கையிலோ அவர் வைத்ததுதான் டிவி.

வந்த சேனல் ஒன்றுதான். உடைந்துபோன ஒரு படகின் பாய்மரத்தில் ஆன்டெனாவைக் கட்டி, காட்டுப்பள்ளிப் பக்கமாகத் தெற்கே திருப்பி வைத்தோம். சென்னையிலிருந்து வருவதை அது ஒருவழியாகப் பிடித்தது. ஒரே சேனலில் ரிமோட்டுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். சத்தம் இருக்கிறதே. நிறம் இருக்கிறதே. மூன்றாம் வீட்டு அண்ணி கையில் கிடைத்தால் செய்தி வாசிப்பவர் முகம் கள்ளுக்கடையிலிருந்து நேராக வந்த மாதிரிச் சிவந்துபோகும். அவளுக்குச் சிவப்பு பிடிக்கும். கடைசி வீட்டுப் பெரியம்மா நிறத்தை ஒரேயடியாகக் குறைத்துக் கறுப்பு வெள்ளையில் வைப்பாள். "கலர அல்லாத்தையும் இன்னிக்கே செலவு பண்ணிட்டா, பொங்கலுக்கு இன்னா பண்றது?" என்பாள். பொங்கலுக்குக் கலர் மிச்சம் வேண்டும் என்று நாங்கள் ஒருநாள் முழுக்கச் சாம்பல் நிறத்தில் மனிதர்களைப் பார்த்தோம். பேட்டரி இளைத்தால் அதைக் கழற்றி, காயப்போட்ட நெத்திலியோடு ஒரே பாயில் வெயிலுக்கு வைப்போம். அதனால் எங்கள் ரிமோட்டுக்கு எப்போதும் ஒரு கருவாட்டு வாசனை இருந்தது. இப்போதும் யார் வீட்டிலாவது ரிமோட்டைக் கையில் எடுத்தால், என்னை அறியாமல் மூக்குக்கு அருகே போய்விடுகிறது. வாசனை இல்லாத ரிமோட்டுகள். எதை நம்பி அமுக்குவது?

நான்காம் நாளே ரிமோட்டுக்கு அடிதடி. ஊர்த் தலைவர் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துக் கொஞ்சநேரம் மீசையைத் தடவினார். பிறகு சொன்னார்:

"இன்னாத்துக்கு சண்டை? இதுக்கும் பாடு வெச்சிடலாம்."

ஏரியில் இறால் ஓடுகிற இடங்கள் கொஞ்சம், வலை வைத்திருக்கும் வீடுகள் நிறைய. ஆகவே எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். இன்று உன் பாடு என்றால் அந்த இடம் இன்று உன்னுடையது. உன் வலையில் இறால் கொட்டினால் நான் பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். உனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் அந்த இடம் சும்மா கிடக்கும், இன்னொருத்தன் கை வைக்க மாட்டான். பாட்டை மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் யாருடைய பாடோ அவரிடம் நேரில் போய், ஊர் கேட்க, வாய் திறந்து கேட்க வேண்டும். ஆள் அனுப்பினால் செல்லாது.

சாயங்காலத்தில் ஆண்கள் வலை கட்டப் போய்விடுவார்கள் என்பதால் ரிமோட் பாடு பெண்கள் பேரில் விழுந்தது. எங்கள் ஊரில் பெண்கள் சீட்டுப் போட்டது அதுதான் முதல் முறை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு, எனவே பேர் எழுதவில்லை. ஆளுக்கொரு சாமானை மண்சட்டியில் போட்டார்கள். கால்மெட்டி, சுண்ணாம்பு டப்பா, சாவி, கொண்டை ஊசி. என் அம்மா உடைந்த வளையல் துண்டு ஒன்றைப் போட்டாள். பக்கத்து வீட்டுச் சித்தி ஊக்கு ஒன்றைப் போட்டாள். ஒரு கைக்குழந்தையைச் சட்டிக்குள் கைவிட வைத்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். ஊக்கு வந்தபோது குழந்தை அழுதது. அம்மா, "பாத்தியா, அவுங்க சாமானே குத்துது" என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. கட்டிப்போட்டிருந்த ஆட்டைப் பார்த்துச் சொன்னாள்.

அந்த ஆட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சித்தி என்பது என் நைனாவின் தம்பி மனைவி. ஒரு சுவர் இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். நைனாவும் சித்தப்பாவும் ஒரே படகில் போய், ஒரே பீடியை ஆளுக்குப் பாதி இழுத்துவிட்டு வருவார்கள். அவர்களுடைய பெண்டாட்டிகள் ஒன்பது வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லை. காரணம், அம்மாவின் தொண்டை. அம்மா கரையிலிருந்து கூப்பிட்டால் ஏரியில் போகிற படகு திரும்பும். சித்திக்கு நூல் மாதிரிக் குரல். சித்தியின் தாய் பசியாவரத்தில் இறந்தபோது எல்லோரும் படகேறிப் போனோம். போய் இறங்கியதும் அம்மா ஒப்பாரியை எடுத்தாள். எடுத்தவள் விடவில்லை. சித்தி அழுதது யாருக்கும் கேட்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் அம்மாதான் மகள் என்று நினைத்து அம்மாவைக் கட்டிக்கொண்டு தேற்றினார்கள். யாரோ சோடா உடைத்துக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுக்க, அம்மாவும் துக்கத்தில் முழுசாகக் குடித்துவிட்டாள்.

"எங்கம்மாவுக்கு அழறவளுக்கு வந்த சோடாவக் கூட அவளே குடிச்சிட்டா" என்று சித்தி அன்று சொன்னாள். அதோடு சரி.

அதன்பின் பேச்செல்லாம் சித்தியின் செம்மறி வழியாகத்தான். இரண்டு வாசலுக்கும் நடுவில் அது கட்டியிருக்கும். "ஏ ஆடே, குப்பைய இந்தாண்ட தள்ளாதேனு உன் எஜமானியாண்ட சொல்லு" என்பாள் அம்மா. "ஏ ஆடே, காத்து தள்னா நான் இன்னா பண்ணட்டும்னு கேளு" என்பாள் சித்தி. ஆடு அசைபோட்டபடி இரண்டு பக்கமும் கேட்டுக்கொள்ளும். ஒன்பது வருஷத்தில் எங்கள் இரண்டு வீட்டு ரகசியமும் தெரிந்த ஒரே ஜீவன் அது.

என் பங்குக்கு நானும் ஒன்றைச் செய்து வைத்திருந்தேன். ரிமோட்டில் இருந்தது எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. பெண்களை வரிசையாக உட்காரவைத்து நகப்பாலிஷால் பித்தான்களுக்குப் பொட்டு வைத்து வகுப்பெடுத்தேன். சிவப்புப் பொட்டு வைத்தது டிவியைப் போட, அணைக்க. ரெட்டைப் பொட்டு சத்தத்துக்கு. நிறத்துக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று. மூலையில் ஒரு சின்னப் பித்தான் இருந்தது. அதை அமுக்கினால் படம் ஓடும், சத்தம் மட்டும் நின்றுபோகும். அமுக்கிக் காட்டினேன். டிவியில் ஒரு மந்திரி வாயை வாயைத் திறந்து மூடினார். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பித்தானுக்கு அங்கேயே 'வாயடைப்பான்' என்று பேர் வைத்தார்கள். சித்தி மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு தபா காட்டு கண்ணு" என்றாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஜீப் வந்தது. டிவிக்காரர்கள். மீன்பிடிப்பு பற்றி ஒரு நிகழ்ச்சிக்குப் படம் பிடிக்கக் கேமராவைத் தோளில் சுமந்துகொண்டு மணலில் தள்ளாடித் தள்ளாடி வந்தார்கள். கரையில் இறால் கூடையோடு நின்றிருந்த அம்மாவிடம், பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்த ஒருவர் மைக்கை நீட்டி, இந்த வருஷம் இறால் எப்படி என்று கேட்டார்.

அம்மா மைக்கைப் பார்த்தாள். கூடையை இறக்கி வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"எறா எங்கேருந்துபா வரும்? கடலு ஏரிக்குள்ள வர்ற வாயி மண்ணு மேடு போட்டு அடச்சிகினு கீது. வாய அடச்சிட்டு சோறு துன்னுனா எப்டி துன்றது? மெஷின் வெச்சி மண்ண வாரிப் போடுங்கனு எங்க ஆம்பளைங்க சொல்லிச் சொல்லி அலுத்துட்டாங்க. நீயாவது போயி சொல்லு. இல்லேனா பெரியவுங்க யாராவது ஒரு நாளு எங்க படகுல வந்து குந்தட்டும். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் குந்தட்டும்."

அவர் தலையாட்டினார். வருகிற மாதம் இரண்டாவது வியாழக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்குப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பைத் தள்ளச் சொன்னார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து தள்ளினோம்.

ஜீப் மறையும் முன்பே அம்மா விரல் கணுக்களை எண்ண ஆரம்பித்துவிட்டாள். இருபத்தெட்டு வீடு, இருபத்தெட்டு நாள். சுண்ணாம்பு டப்பா, சாவி, கொண்டை ஊசி என்று முறையை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனவள் ஒரு கணுவில் நின்றாள். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். மறுபடியும் அதே கணு.

"ஊக்கு" என்றாள்.

அந்த வியாழன், சித்தியின் பாடு.

அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் பேச்சு ஏறிக்கொண்டே போனது. தினமும் விளக்கு வைத்தபின் மைக்கில் சொன்னதை எங்களுக்குச் சொல்லிக்காட்டுவாள். கரையில் நான்கைந்து வாக்கியமாக இருந்தது ஒரு வாரத்தில் பதினைந்தாயிற்று, இரண்டாம் வாரத்தில் அதில் மழை வந்தது, புயல் வந்தது, பெரியவர் ஒருவர் படகில் வந்து உட்கார்ந்து வாந்தி எடுக்கிற காட்சி வந்தது. நைனா சாப்பிட்டுக்கொண்டே, "இத்தினியும் நீ அங்க சொன்னியா?" என்று கேட்டார். "சொல்லாம? நீ அங்க இருந்தியா?" என்றாள். அந்த அத்தனை வார்த்தையும் டிவியில் வரும், நாடு கேட்கும், மண்ணை வார மெஷின் வரும். நடுவில் ஒரே ஒரு சின்னப் பித்தான். அதன்மேல் ஒரே ஒரு கட்டைவிரல்.

"அமுக்குவா. பாத்துகினே இரு, என் மூஞ்சி வர்ற நேரத்துல அமுக்குவா."

"பாட்ட மாத்திக்கலாமே" என்றார் நைனா. "போயி ஒரு வார்த்த கேளு."

"நான் கேக்கறதா? அவளாண்டயா?"

ஒருநாள் நானே சுவரைச் சுற்றிப் போனேன். சித்தி வலைக்கு ஊசி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, அந்த வியாழக்கெழம..."

"தெரியும். உங்கம்மாவ வந்து கேக்கச் சொல்லு."

"அது கேக்காது சித்தி."

"முழுசா கூட கேக்க வேணாம் கண்ணு. 'குடு'னு ஒரு வார்த்த. ஒன்பது வருசத்துக்கு ஒரு வார்த்த. குடுத்துடறேன்."

அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போனாள். போகும்போது சித்தியின் ஆட்டையும் அவிழ்த்து இழுத்துக்கொண்டு போனாள். ஆட்டைக் காணோமென்று சித்தி பின்னாலேயே ஓடினாள். அதுதான் அம்மாவின் கணக்கு. தலைவர் முன்னால் சித்தி வந்து நின்றதும் அம்மா ஆட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஏ ஆடே, அந்த வியாழக்கெழம பாட்ட குடுனு கேக்கறேன், ஊரு கேக்க கேக்கறேன்" என்றாள்.

தலைவர் ஆட்டைப் பார்த்தார். ஆடு அவர் வேட்டி ஓரத்தை முகர்ந்தது.

"இன்னாமே இது? பாடு ஆட்டு பேர்லயா கீது?"

"நேர்ல கேட்டாச்சி. ஊரு கேக்க கேட்டாச்சி. வாய தொறந்து கேட்டாச்சி."

"ஆட்டக் கேட்டே. ஆடு சாட்சிக்கு வரலாம், அவ்ளோதான். செல்லாது. ஆட்ட வுட்டுட்டுப் போ."

சித்தி கயிற்றை வாங்கிக்கொண்டு, ஆட்டின் கழுத்தைத் தடவி, "உன்னாண்ட கேப்பாங்களாம், என்னாண்ட கேக்க ரோசமாம்" என்று அதனிடமே சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட்டால்? ஆனால் பேட்டரி இல்லாவிட்டால் டிவியைப் போடவே முடியாது. ஆசாரி அடித்த ஆணிகள் என்னைப் பார்த்துச் சிரித்தன.

அந்த வியாழக்கிழமை வாடை வீசியது. ஆறு மணிக்கே கொட்டகை நிறைந்துவிட்டது. ஆண்கள் எல்லோரும் ஏரியில், நைனாவும் சித்தப்பாவும்கூட. ஏரியின் வாய் பக்கத்தில்தான் அன்று அவர்களுக்கு வலைப் பாடு. பொண்டாட்டி டிவியில் வருகிறாள் என்று வலைப் பாட்டை விட முடியுமா? அம்மா குளித்து, கனகாம்பரம் வைத்து, டிவியில் வரப்போவது தானில்லை, டிவிதான் தன்னைப் பார்க்க வருகிறது என்பதுபோல முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சித்தி வடக்குத் தூணருகே, காற்றுக்கு மேல்பக்கம். கையில் ரிமோட். கட்டைவிரல் மூலையில் இருந்தது. நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள்.

உரம் பற்றி ஏதோ போயிற்று. பிறகு தண்ணீர் தெரிந்தது. எங்கள் ஏரி! எங்கள் படகுகள்! கொட்டகை ஒரே கூச்சல். ஒரு நாய் ஓடியது, அது யார் வீட்டு நாய் என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பிறகு அம்மா.

டிவி முழுக்க அம்மா. சேலை அன்று கட்டியிருந்த அதே பச்சை. சித்தி நிறத்தைச் சரியாக வைத்திருந்தாள், அதைச் சொல்ல வேண்டும். அம்மா வாயைத் திறந்தாள். உள்ளிருந்து வந்தது ஓர் ஆணின் குரல்.

"பழவேற்காடு ஏரியில் இவ்வாண்டு இறால் வரத்து மனநிறைவு அளிப்பதாக மீனவப் பெண்கள் மகிழ்ச்சியுடன் தெரிவிக்கின்றனர்."

டிவியில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். குரல் மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருந்தது. அம்மா முகத்துவாரம் இருக்கும் திசையில் கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். நவீன முறைகளால் மேலும் பயன்பெறலாம் என்றது குரல்.

அறுபது தலைகள் வடக்குத் தூணைத் திரும்பிப் பார்த்தன.

"ஏய், கொரல மாத்திட்டாடி!"

"ஆம்பள கொரலு வெச்சிட்டாமே! அதுக்கும் பித்தான் கீதா?"

சித்தி வெளிறிப்போனாள். கையிலிருந்ததை எரிகிற கொள்ளியைப் போலப் பார்த்தாள். அம்மாவின் குரலைத் திரும்பக் கொண்டுவர எந்தப் பித்தானை அமுக்குவது என்று யார் அவளுக்குச் சொல்லித்தந்தது? ஒவ்வொன்றாக அமுக்கினாள். அம்மா ஊதா நிறமானாள். அம்மா இருண்டாள். சத்தம் ஏறி, ஆணின் குரல் தகரக் கூரையை அதிர வைத்தது. இன்னொன்றை அமுக்கினாள். டிவி அணைந்தது. மறுபடி உயிர் வந்தபோது நிலக்கடலையைத் தாக்கும் புழு ஒன்று திரை முழுக்க நெளிந்துகொண்டிருந்தது.

அம்மா எழுந்தாள். நான் ஆட்டைத் தேடினேன். ஆடு அங்கே இல்லை.

"இன்னாடி பண்ணே என் கொரல?"

நேராக. சித்தியின் முகத்தைப் பார்த்து. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முதல் வாக்கியம்.

"நான் அமுக்கலக்கா" என்றாள் சித்தி. "சத்தியமா அமுக்கல. அமுக்கணும்னுதான் வந்தேன். காலைலேர்ந்து அதான் நெனப்பு. ஆனா உன்ன அதுல பாத்ததும்... வெரல எடுத்துட்டேன்க்கா."

"அப்போ அந்த ஆம்பள எங்கேருந்து வந்தான்?"

டிவி நிலையத்திலேயே வேறு ஆளின் குரலைச் சேர்த்திருப்பார்கள் என்று நான் கத்தினேன். காற்றைப் பற்றிச் சொன்னபோது எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேட்டார்கள். அதாவது, கேட்கவில்லை. அம்மா டிவியைப் பார்த்தாள். புழு கடலையைத் தின்றுகொண்டிருந்தது. அம்மாவின் தோள் இறங்கிவிட்டது. ஒரு மாதமாகப் புடைத்திருந்த படகுப் பாயிலிருந்து காற்று போன மாதிரி.

"போச்சி" என்றாள். "அல்லாம் போச்சி. எறா நல்லா வருதுனு நானே சொன்னா மாதிரி ஆயிடுச்சி."

சித்தி டிவியை அணைத்தாள். அம்மாவின் தோளைப் பிடித்துப் பெட்டியின் முன்னால் நிறுத்தினாள். எங்களைப் பார்க்கத் திருப்பினாள்.

"சொல்லு."

"இன்னாத்த சொல்றது?"

"அன்னிக்கு சொன்னத. இங்க சொல்லு. ஊரு கேக்கட்டும்."

அம்மா வாயைத் திறந்தாள். வரவில்லை. பசியாவரத்தையே அழவைத்த தொண்டை, அறுபது பேர் முன்னால், தார் வாசனை அடிக்கிற பெட்டியின் முன்னால் அடைத்துக்கொண்டது.

"'எறா எங்கேருந்துபா வரும்'..." என்று சித்தி எடுத்துக்கொடுத்தாள். "சொல்லுக்கா. ஒரு மாசமா செவுத்துக்கு அந்தாண்ட கேட்டுகினுதான் கீறேன். எனக்கே மனப்பாடம்."

"எறா... எங்கேருந்துபா வரும்" என்றாள் அம்மா. முன்வரிசைக்கு மட்டும் கேட்டது.

சித்தி இரண்டு அடி பின்னால் போனாள். நின்றாள். யோசித்தாள். சுற்றிக்கொண்டு வடக்குத் தூணுக்கு, காற்றுக்கு மேல்பக்கம் போனாள். ரிமோட்டை அம்மாவின் மார்புக்கு நேராக நீட்டினாள். ரெட்டைப் பொட்டுப் பித்தானைத் தேடி எடுத்து, ஏற்றுகிற பக்கமாக அமுக்கினாள். ஒருமுறை. இன்னொரு முறை.

"கடலு ஏரிக்குள்ள வர்ற வாயி அடச்சிகினு கீது!"

மூன்றாம் முறை.

கொட்டகையின் கூரையில் இருந்த காக்கைகள் கிளம்பின. அதன்பின் அம்மாவை யாரும் நிறுத்த முடியவில்லை. பதினைந்து வாக்கியமும் வந்தது, மழை வந்தது, புயல் வந்தது, பெரியவர் படகில் ஏறினார், உட்கார்ந்தார், வாந்தி எடுத்தார். எங்கேயாவது அம்மா தடுமாறினால் சித்தி ஒரு வார்த்தையைத் தூக்கிப் போட்டாள், கூடவே ஒரு அமுக்கு. வாடை அந்தக் குரலை அள்ளிக்கொண்டு தெற்கே, ஏரியின் வாய்ப் பக்கம், தண்ணீர் மேல் கொண்டுபோனது. அந்த ஒருநாள், காற்றைப் பற்றி எங்கள் ஊர் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

முடித்தபோது அம்மாவுக்குத் தொண்டை வறண்டு கண்ணில் தண்ணீர். பெட்டிக்கடையிலிருந்து யாரோ ஒரு கோலி சோடாவை உடைத்து நீட்டினார்கள். அம்மா வாங்கினாள். வாய்வரை கொண்டுபோனவள், நிறுத்தினாள். பாட்டிலைப் பார்த்தாள். பிறகு சித்தியின் பக்கம் நீட்டினாள்.

"மொதல்ல நீ குடி."

சித்தி வாங்கிக்கொண்டாள். முழுசாகக் குடித்துவிட்டாள். ஒரு சொட்டு வைக்கவில்லை. ஏப்பம்கூட விட்டாள். அம்மா காலி பாட்டிலை வாங்கி ஆட்டிப் பார்த்தாள், கோலி கடகடவென்றது. "அடிப்பாவி" என்றாள். அப்புறம் இருவரும் சிரித்தார்கள். சித்தி அப்படிச் சத்தமாகச் சிரிப்பாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

நாங்கள் கலைந்துகொண்டிருந்தபோது வலை கட்டிவிட்டு ஆண்கள் கரையேறினார்கள். நைனா முன்னால், ஈர லுங்கியோடு, முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"டிவில சூப்பரா பேசினேமே! நாங்க அல்லாரும் துடுப்ப கீழ வெச்சிட்டு கேட்டோம்."

"வாய் பக்கத்துலயே கேட்டுச்சி அண்ணி" என்றார் சித்தப்பா. "அந்தாண்ட கரைல வலை கட்டிகினு இருந்த பாய் ஆளுங்க கூட கேட்டாங்க. மெஷின் வரும்ன்றாங்க. டிவிலயே சொல்லியாச்சே, வராம எங்க போவும்?"

அறுபது பெண்கள் இருந்தோம். ஒருத்தி வாய் திறக்க வேண்டுமே! மூன்றாம் வீட்டு அண்ணி கூரையைப் பார்த்தாள். கடைசி வீட்டுப் பெரியம்மா மணலில் எதையோ தேடினாள். எனக்கு உண்மை பேச நாக்கு துருதுருத்தது, அம்மா ஒரு பார்வை பார்த்தாள், அடங்கிக்கொண்டேன்.

"ஆனா ஒண்ணு" என்றார் நைனா. "டிவிக்கு அவ்ளோ சத்தம் எங்கேருந்துமே வந்துச்சி? இத்தினி நாளா வரலியே?"

அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி ரிமோட்டை முந்தானையில் துடைத்து, அடுத்த நாள் பாடு யாருடையதோ அவளிடம் கொடுக்கத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இன்னிக்கு என் பாடு மாமா" என்றாள். "நான்தான் ஏத்தி வெச்சேன்."